ஏரியும் அதன் காவலரும்: கிராம மரபறிவைக் காப்பது எவ்வாறு?

பெங்களூரு நகரின் நடுவே உள்ள கெம்பேகவுடா பேருந்து நிலையத்தில் நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் வந்து இறங்குகின்றனர். அவர்கள் கால் வைக்கும் நிலம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரியின் நீர்ப்பரப்பாக இருந்தது. சற்றுத் தொலைவிலுள்ள கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மீது எழுந்தது. 1537ஆம் ஆண்டில் கெம்பேகவுடா இந்நகருக்கு அடிகோலியபோது அருகில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், நான்கு புறமும் நீர் வழிந்தோடும் மேட்டு நிலத்தில் ஒரு நகரம் நிலைக்க வேண்டுமாயின், பெய்யும் மழையைத் தேக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஏரிகளின் துணைகொண்டே நகரம் வளர்ந்தது.

அந்த ஏரிகளை அமைத்த அறிவு நகரத்தில் பிறந்ததன்று. சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்து வந்தது. நகரம் பெருகியபோது அது மறக்கப்பட்டது. இன்று பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வருகிறது. அந்நீர் எட்டாத பகுதிகள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியுள்ளன. 2024ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் நகரின் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிப்போனதை நாடு முழுவதும் கண்டது. அறிவியல் நிறுவனங்கள் நிறைந்த ஒரு நகரம் குடிநீர் வண்டிகளுக்காகக் காத்து நின்ற அந்நாட்களில், மரபறிவு என்பது அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளன்று என்பது பலருக்கும் விளங்கியிருக்கும்.

கிராம மரபறிவைப் போற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. அதனைப் பதிவு செய்யவும் ஏடுகளில் தொகுக்கவும் திட்டங்கள் உள்ளன. ஆயினும் அவ்வறிவு ஏட்டில் மட்டும் வாழக்கூடியதா என்ற கேள்வி போதிய அளவில் எழுப்பப்படவில்லை. பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார் வட்டாரத்தின் ஏரிகளும், அவற்றைக் காத்துவந்த ஒரு பதவியின் வரலாறும் இக்கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகின்றன.

ஏரித் தொடரின் அமைப்பு

கர்நாடக மாநிலத்தில் 36,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 4,000 ஏரிகள், 2007இல் பிரிக்கப்படுவதற்கு முந்தைய கோலார் மாவட்டத்தில் இருந்தவை. பாலாறும் தென்பெண்ணையும் தோன்றும் பகுதி இது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லி மீட்டர் மட்டுமே. அம்மழையும் சில வாரங்களில், சில நாட்களில், சில மணி நேரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வாறு கொட்டும் நீரைப் பிடித்து வைக்கும் கலையே ஏரிக் கலை.

இங்கு ஏரி என்பது தனித்த ஒரு குளம் அன்று. மேட்டூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கோடி வழியே வழிந்து கீழூர் ஏரியை அடையும். அது நிரம்பிய பின் அடுத்ததற்குப் போகும். இவ்வாறு ஓர் ஓடையின் மீது பல ஏரிகள் தொடர்ந்து அமைந்துள்ளன. ஒரு சொட்டு நீர் ஆற்றைச் சேர்வதற்கு முன் பல ஊர்களில் பயன்படுகிறது. ஒவ்வோர் ஊரிலும் நிலத்தில் ஊறிக் கிணறுகளை உயர்த்துகிறது. மேலூரில் கரை உடைந்தால் கீழூர்க் கரைகளும் அடுத்தடுத்து உடையும். எனவே ஏரி ஓர் ஊரின் உடைமையாக இருந்தபோதிலும், அதன் பராமரிப்பு பல ஊர்களின் கவலையாக இருந்தது.

கரை, மதகு, கோடி, வரத்துக்கால், பாசனக்கால் ஆகியவை ஏரியின் உறுப்புகள். இவற்றோடு நீர்பிடிப்புப் பகுதியிலுள்ள மேய்ச்சல் நிலமும், கன்னடத்தில் குண்டுதோப்பு எனப்படும் ஊர்த் தோப்பும் சேர்ந்தே ஏரி என்ற அமைப்பு முழுமை பெறுகிறது. மேய்ச்சல் நிலத்துப் புல் மண் அரிப்பைத் தடுக்கும். தடுப்பையும் மீறி வரும் வண்டல் ஏரியில் படியும். கோடையில் உழவர்கள் அவ்வண்டலை வண்டிகளில் ஏற்றித் தம் வயல்களுக்குக் கொண்டுபோவர். வயலுக்கு உரம் கிடைக்கும். ஏரிக்கு ஆழம் கிடைக்கும். இரண்டு பணிகள் ஒரே உழைப்பில் முடிந்தன. தூர்வாருவதற்கென ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய தேவை அன்று எழவில்லை.

நீருகண்டி என்னும் பதவி

இவ்வமைப்பு இயங்குவதற்கு ஒருவர் வேண்டும். கன்னட நாட்டில் அவருக்கு நீருகண்டி என்று பெயர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் வழங்கின. பணி ஒன்றேயாகும். மதகைத் திறப்பதும் மூடுவதும், வயல்தோறும் நீரைப் பகிர்வதும், மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையைச் சுற்றி வருவதும், எலி வளையும் நண்டு வளையும் கசிவாக மாறுவதற்கு முன் அடைப்பதும் அவருடைய கடமைகள்.

இப்பணிக்குத் தேவையான அறிவு சிறிதன்று. மழை ஓய்ந்ததும் மதகுக் கல்லில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து, அந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் நெல்லுக்கு நீர் காணும் என்று அவர் கணிக்க வேண்டும். எந்த வயல் மணல் கலந்தது, எது களி, எது விரைவில் காயும், எது நீரை இருத்தி வைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எத்தனை நாழிகை என்பதை வரையறுக்கவும், அதனை ஊர் ஏற்கும்படி நிறைவேற்றவும் வேண்டும். செல்வரின் வயலுக்கு இரவில் மடை திறந்துவிட்டால் மறுநாள் ஊரில் கலகம் பிறக்கும். ஆகவே நடுநிலை என்பது அவருக்கு நற்பண்பு மட்டுமன்று. தொழிலின் அடிப்படையே ஆகும். பல ஊர்களில் அவருக்கு அந்த ஏரியின் பாசனப் பரப்பில் சொந்த நிலம் இல்லாதிருந்தமை இந்நடுநிலைக்குத் துணைபுரிந்தது.

இங்கே மற்றொரு செய்தியை மறைக்காமல் கூற வேண்டும். நீருகண்டிகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அதனை மறுக்கும் உரிமை மகனுக்கு இல்லை. ஊதியமாக அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து சில மரக்கால் தானியமோ, மானியமாகச் சிறு நிலமோ கிடைத்தது. ஊரின் நீரை ஆண்டவருக்கு ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை இல்லாதிருந்த கொடுமையும் இதே மரபின் பகுதியே. பழமையைப் போற்றுவோர் இவ்வுண்மையைக் கண்டும் காணாதிருத்தல் முறையன்று.

பதவி போயிற்று, பணி என்னவாயிற்று?

மைசூர் மாநிலத்தில் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் பரம்பரைப் பதவிகளுக்கு முடிவு கட்டியது. பட்டேல், ஷானுபோகர் முதலிய மேல்நிலைப் பதவிகளுடன் தோட்டி, தலையாரி, நீருகண்டி ஆகிய கீழ்நிலைப் பணிகளும் இதன் வரம்புக்குள் வந்தன. பிறப்பினால் ஒருவரை ஒரு தொழிலோடு பிணைக்கும் முறை ஒழிய வேண்டியதே. சட்டத்தின் நோக்கத்தைக் குறை கூற இயலாது.

ஆனால் பட்டேல், ஷானுபோகர் ஆகியோரின் பணிகளைத் தொடர்வதற்கு ஊதியம் பெறும் கிராமக் கணக்கர் நியமிக்கப்பட்டார். வரி வசூலும் நிலக் கணக்கும் தடையின்றித் தொடர்ந்தன. மதகருகே நின்றவருக்குப் பதிலாக எவரும் நியமிக்கப்படவில்லை. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் சிறு பாசனத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி அமைப்புகளிடமும் வந்து சேர்ந்தன. கரை பழுதுபட்டால் மதிப்பீடு தயாரிக்கத் துறையில் பொறியாளர் இருந்தார். கரை பழுதாகும் முன் இரவில் சென்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. சில ஊர்களில் பழைய குடும்பத்தாரே உழவர்கள் தரும் தானியத்துக்காகப் பணியைத் தொடர்ந்தனர். பல ஊர்களில் பணி நின்றது.

இது கர்நாடகத்துக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. இலங்கையின் வறண்ட வலயத்திலும் ஏரித் தொடர்கள் உண்டு. அங்கே வெல்விதானை என்ற பதவியாளர் நீர்ப் பகிர்வை மேற்பார்த்து வந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கி, அதன் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆயினும் நீர் குறைந்த பருவத்தில் மதகுக்கு அருகிலுள்ள பகுதியை மட்டும் பயிரிட்டு, அதனை உழவர் அனைவரும் தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொள்ளும் 'பெத்ம' என்னும் வழக்கம் அங்கு முற்றிலும் மறையவில்லை. அந்த ஏரித்தொடர்க் கிராம அமைப்பை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. கர்நாடகத்தின் சட்டம் பதவியை நீக்கிப் பணியை அந்தரத்தில் விட்டது. இலங்கையின் சட்டம் பதவியை நீக்கியபோதே பணியைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பைச் சுட்டிக்காட்டியது. அவ்வமைப்பின் நிறைகுறைகள் எவையாயினும், இவ்வேறுபாடு கருதத்தக்கது.

ஆழ்துளைக் கிணறும் தனிமனித நீரும்

கோலார் வட்டாரத்தில் ஏரி கவனிப்பாரற்றுப் போனதற்குப் பதவி ஒழிந்தது மட்டுமே காரணமன்று. மின்சாரமும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. ஏரி நீர் பொதுநீர். கூடிப் பேசினால்தான் கிடைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் தனிநீர். விசையைத் தட்டினால் கிடைக்கும். ஏரியை நம்பாதவர்கள் பெருகப் பெருக, கரையைக் காக்கக் கூடுவோர் குறைந்தனர். நீர்பிடிப்புப் பகுதிகளில் தைல மரங்கள் பரவின. வரத்துக்கால்கள் அடைபட்டன. வண்டலை அள்ள வண்டிகள் வரவில்லை. ஏரி மேடாயிற்று.

ஏரி மேடானதும் நிலத்தடி நீரும் இறங்கியது. முதலில் 100, 200 அடிகளில் கிடைத்த நீர், பின்னர் 1,000 அடிக்கு அப்பாலும் தேடப்படும் நிலை வந்தது. ஆழம் கூடியபோது நீரில் ஃபுளோரைடு மிகுந்தது, கடனும் மிகுந்தது. நீர் கிடைக்காத துளைகளுக்குச் செலவிட்ட தொகையால் நொடித்த உழவர் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். தைல மர நடவுக்கு மாநில அரசு 2017இல் தடை விதித்தது. எனினும், ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவை அறிந்திருந்த ஊர், ஒரு தலைமுறைக் காலத்தில் அதனை மறந்ததற்குத் தந்த விலை பெரிது.

மானாவாரி நிலத்தின் பாடம்

ஏரிக்குக் கீழே நஞ்சை. மேலே மானாவாரி நிலம். அங்கே கேழ்வரகு முதற்பயிர். கேழ்வரகைத் தனியே விதைப்பது இவ்வட்டார வழக்கமன்று. சில சால்கள் கேழ்வரகு. இடையே ஒரு சால் மொச்சை, துவரை, பேய் எள், கடுகு, ஆமணக்கு, சோளம் என்று கலந்து வரும். கன்னடத்தில் இதற்கு அக்கடி சாலு என்று பெயர். மழை பொய்த்து ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும். அவரையினப் பயிர்கள் நிலத்துக்குத் தழைச்சத்தைத் தரும். களி, குழம்பு, எண்ணெய், கால்நடைத் தீவனம் யாவும் ஒரே நிலத்திலிருந்து வீடு வந்து சேரும். அறுத்த கேழ்வரகை ஹகேவு எனப்படும் நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்தனர். எந்த விதையை எந்தச் சாலில் இட வேண்டும், எதனை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இம்மரபு அறிவியலுக்குப் பகையாக நின்றதில்லை. மாண்டியாவின் விசுவேசுவரய்யா கால்வாய்ப் பண்ணையில் பணியாற்றிய சி. எச். லட்சுமணய்யா, இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து இண்டாஃப் இரகங்களை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர். உழவர்கள் அவ்விரகங்களை விரும்பி ஏற்றனர். விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. ஆயினும் பொது விநியோகத்தில் அரிசியும் கோதுமையும் மலிவாகக் கிடைத்த பல ஆண்டுகளில் கேழ்வரகு ஏழையின் உணவு என ஒதுக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதை நகரங்கள் புதிதாகக் கண்டறிந்ததுபோல் பேசின. தானியம் சந்தைக்குத் திரும்பியது. அக்கடி சாலு அதே அளவில் திரும்பவில்லை. சந்தை ஒரு தானியத்துக்கு விலை வைக்கிறது. ஒரு சாகுபடி முறைக்கு விலை வைப்பதில்லை.

ஆய்வுக்கூடம் கிராமத்துக்குச் சென்றபோது

மரபு அனைத்தும் சரியானது என்று கொள்வதும் தவறாகும். மூன்று கல் அடுப்பு மரபுவழி வந்ததே. அது விறகை விழுங்கியது. புகையால் பெண்களின் கண்களையும் நெஞ்சையும் கெடுத்தது. எதைக் காப்பது, எதைத் திருத்துவது என்று ஆராய்ந்து அறிவதற்கு அறிவியல் தேவை. அதற்கான முன்னோடி முயற்சி பெங்களூரிலேயே நிகழ்ந்தது.

1974ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமூல்ய குமார் என். ரெட்டியின் முயற்சியால், ஊரகப் பகுதிகளுக்கு அறிவியல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் 'அஸ்த்ரா' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தும்கூர் மாவட்டத்தின் உங்ரா கிராமத்தில் அதன் விரிவாக்க மையம் இயங்கியது. ஆய்வாளர்கள் முதலில் கருவிகளுடன் செல்லவில்லை, கேள்விகளுடன் சென்றனர். சுற்றியிருந்த சிற்றூர்களில் எவ்வளவு ஆற்றல், எதற்காக, யாருடைய உழைப்பால் செலவாகிறது என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். ஆற்றலின் பெரும்பகுதி விறகே என்பதும், அதனைச் சேர்ப்பதில் பெண்களும் குழந்தைகளும் தம் நாளின் பெரும்பொழுதைக் கழிக்கின்றனர் என்பதும் எண்களாக வெளிப்பட்டன.

அதன் பயனாக உருவானது அஸ்த்ரா ஒலெ. தமிழில் உலை எனப்படுவதே கன்னடத்தில் ஒலெ. மண்ணால் ஆன, மூன்று பாத்திரங்களை ஏற்கும், புகைபோக்கி கொண்ட அவ்வடுப்பு விறகுச் செலவை வெகுவாகக் குறைத்தது. அவ்வாறே மண் சுவர் கட்டும் பழைய வழக்கத்தை ஆராய்ந்து, சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் சுடாத மண் கட்டிகள் உருவாக்கப்பட்டன. சூளையும் விறகும் தேவைப்படாத அக்கட்டிகளால் எழுந்த வீடுகளைப் பெங்களூரில் இன்றும் காணலாம்.

பூரா என்ற சிற்றூரின் சாண எரிவாயு நிலையம் இன்னும் ஆழ்ந்த பாடத்தைத் தந்தது. சமையலுக்கு எரிவாயு தரும் நோக்குடன் அது முதலில் அமைக்கப்பட்டது. எல்லா வீடுகளின் சமையலுக்கும் வாயு போதவில்லை, முயற்சி தளர்ந்தது. ஊர் மக்களின் முதல் தேவை நல்ல குடிநீரே என்பதும் தெளிவாயிற்று. 1987இல் நிலையம் மாற்றியமைக்கப்பட்டது. வாயுவால் எந்திரம் ஓடியது. அதனால் நீர் இறைக்கப்பட்டுக் குழாய்களுக்கு வந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் கிலோவுக்கு 2 காசு கூலி தரப்பட்டது; வாயு எடுத்த பின் எஞ்சிய கழிவு எருவாகத் திரும்பக் கிடைத்தது. ஊர் இளைஞர்களே நிலையத்தை நடத்தினர். பல ஆண்டுகள் ஓடிய அந்நிலையம் பின்னாளில் நின்றது. எனினும் அது ஓடிய காலத்தில் ஓடியதற்கான காரணம் கவனிக்கத்தக்கது. ஊரின் தேவையை ஊரிடமே கேட்டறிந்தனர். நாள்தோறும் உழைப்பவருக்கு நாள்தோறும் ஏதோ ஒரு வருவாய் இருந்தது.

ஏடு போதுமா?

மரபறிவைப் பிறர் கவர்ந்து செல்லாமல் காப்பதற்கு ஏடு தேவை என்பதில் ஐயமில்லை. மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி 1997இல் நீக்கச் செய்தது. எழுத்தில் இருந்த சான்றுகளே அதற்கு உதவின. பின்னர் மரபறிவு எண்ணியல் நூலகம் தொடங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மேலாண்மைக் குழு அமைக்க வகை செய்தது. மக்களின் உயிரியல் பல்வகைமைப் பதிவேட்டைத் தயாரிப்பது அக்குழுவின் பணியாக விதிகளில் குறிக்கப்பட்டது. இப்பதிவேட்டு முறையின் உருவாக்கத்தில் பெங்களூரு அறிவியல் கழகத்தின் மாதவ் காட்கில் ஆற்றிய பங்கு பெரிது.

ஆனால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியைக் கெடுவாக விதித்த பின், பதிவேடுகள் பெரும் வேகத்தில் நிறைந்தன. ஊர் முதியவரோடு ஒரு பருவம் முழுவதும் நடந்து அறிய வேண்டியதைச் சில நாட்களில் படிவத்தில் நிரப்பினால், படிவம் நிறையும், அறிவு நிறையாது. மதகுக் கல்லில் நீர்மட்டம் கண்டு ஏக்கர் கணிப்பதை ஒரு பத்தியில் எழுதிவிடலாம். அப்பத்தியைப் படித்தவர் மதகைத் திறக்க இயலாது.

தொழில் இருக்கும் இடத்தில் அறிவு தானே வாழும் என்பதற்குப் பெங்களூரே சான்று. இங்கே மண்ணு வட்டர் எனப்படும் கிணறு வெட்டும் சமூகத்தார் உள்ளனர். ஆழ்துளைக் கருவிகள் வந்தபின் அவர்களின் வேலை குன்றியது. மழைநீரை நிலத்தில் இறக்கத் திறந்த கிணறுகளும் உறை கிணறுகளும் வேண்டும் என்ற உணர்வு அண்மைக் காலத்தில் வளர்ந்தபோது, அவர்களுக்கு மீண்டும் அழைப்பு வந்தது. 2015இல் பயோம் அறக்கட்டளை தொடங்கிய பத்து இலட்சம் கிணறுகள் இயக்கம் இதில் குறிப்பிடத்தக்கது. கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளும் அவர்கள் கையால் தூர்வாரப்பட்டன. எந்த மண்ணில் எத்தனை அடியில் ஊற்று என்று சொல்லும் அறிவு, எந்த ஏட்டிலும் ஏறாமலே இளைஞர்களிடம் சென்று சேர்கிறது. ஏனெனில் அதற்குக் கூலி உண்டு.

நகரத்தின் நீர், கிராமத்தின் ஏரி

2018ஆம் ஆண்டில் கோலார் ஏரிகளின் வரலாற்றில் புதிய கட்டம் தொடங்கியது. பெங்களூரின் கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில், கோலார் பகுதியின் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு இறைக்கப்படத் தொடங்கியது. நெடுங்காலம் வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நின்றது. சுற்றுப்புறக் கிணறுகளில் மட்டம் உயர்ந்தது. இந்நீர் நேரடிப் பாசனத்துக்கன்று. நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கே. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் கோரிக்கை.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. ஏரி நிறைந்துவிட்டது. ஏரிக்காவலர் எங்கே? நீரின் நிறமும் நுரையும் மணமும் மாறினால் முதலில் அறிபவர் கரையில் நடப்பவரே. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி செல்லும் நாளுக்கு முன்பே ஊரை எச்சரிக்கக் கூடியவரும் அவரே. குழாய்களுக்கும் எக்கிகளுக்கும் கோடிக்கணக்கில் செலவிடும் திட்டத்தில், கரையில் நடப்பவருக்கு மாத ஊதியம் தருவது பெரும் சுமையாகாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஏரிக்கு ஒரு காவலர் வேண்டும். அப்பணி ஊராட்சியின் கீழ் ஊதியமும் பயிற்சியும் உடையதாக, எச்சாதியினருக்கும், பெண்களுக்கும் திறந்ததாக அமைய வேண்டும். பழைய நீருகண்டிக் குடும்பத்தாரில் விரும்புவோருக்குப் பயிற்றுநர் என்ற தகுதி தரப்பட வேண்டும். அறிவு காக்கப்பட வேண்டும். அதன்மேல் சுமத்தப்பட்ட இழிவு காக்கப்படலாகாது.

இரண்டாவதாக, ஏரியைத் தனித்தனியே அன்றித் தொடராகக் கருதித் திட்டமிட வேண்டும். ஓர் ஊரின் கரையை உயர்த்திவிட்டு மேலூர் வரத்துக்காலை ஆக்கிரமிப்பில் விட்டுவிட்டால் செலவு வீணே. தூரெடுக்கும் வண்டல் உழவரின் வயலைச் சென்றடையுமாறு செய்தால் பழைய சுழற்சி ஓரளவு மீளும்.

மூன்றாவதாக, பதிவேடு தயாரிக்கும் பணியில் கல்லூரி மாணவர்கள் ஈடுபடுத்தப்பட வேண்டும்; ஒரு நாள் முகாமாக அன்று, ஒரு முழுப் பருவத்துக்கு. விதைப்பு முதல் அறுவடை வரை ஓர் ஏரியின் மட்டத்தையும், ஒரு வயலின் சால்களையும் கவனித்துக் குறித்து வரும் மாணவர், படிவம் நிரப்புபவராக மட்டும் இரார். அவ்வறிவின் ஒரு பகுதியைத் தம்முள் ஏற்றவராகவும் ஆவார்.

நான்காவதாக, புதிய தொழில்நுட்பம் எதுவும் கிராமத்துக்குச் செல்லுமுன், அது யாருடைய பணியை எளிதாக்குகிறது, யாருடைய பணியை நீக்குகிறது, நீக்கப்பட்ட பணியை இனி யார் செய்வார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காணப்பட வேண்டும். 1961ஆம் ஆண்டில் மூன்றாவது கேள்வி கேட்கப்படாததன் விளைவை ஏரிகள் இன்றும் சுமந்து நிற்கின்றன.

கோலார் வட்டாரத்தின் சில ஊர்களில், நீருகண்டியாகப் பணிபுரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். மதகுக் கல்லைக் காட்டி, எந்த வரி வரை நீர் நின்றால் எத்தனை குடும்பம் உண்ணும் என்று அவர்களால் சொல்ல முடியும். கேட்பதற்கு ஒருவர் அருகில் அமர வேண்டும். கேட்டவருக்கு அந்த மதகில் வேலை இருக்க வேண்டும். இவ்விரண்டும் அரசாலும் சமூகத்தாலும் செய்யக்கூடியவையே. காலம் மட்டும் அதிகம் இல்லை.